கறுத்த முன்பல்

பெரம்பலூர்
12.1.2025

அன்புள்ள தேவயானிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். அண்ணன் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இங்கே மக்காச்சோளம் அறுத்தாயிற்று. அம்மா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

விபத்தில் அடிபட்டுக் கறுத்துப்போன உன் முன்பல்லைப் பற்றி டவுன் பல் டாக்டரிடம் விசாரித்தேன். பல்லின் மேல் ஒட்டும் பல்நிற ஓடான வெனீரில் இப்போது மிக மெல்லியது வந்திருக்கிறதாம். பல்லை ராவ வேண்டாம், பிடிக்காவிட்டால் எடுத்தும்விடலாமாம். பழைய வகைக்குப் பல்லைத் தேய்க்க வேண்டும். நீ பட்ட வலி போதும். மெல்லியதே போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடு.

உன் கணவன்,
திருமுருகன்

அரியலூர்
20.1.2025

என்னங்க,

சாப்பிடுகிறேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறார். ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இரண்டு கையாலும் சேலையை விரித்துக் காட்டும்போது வாயைப் பொத்த முடிவதில்லை. "பல்லு என்னாச்சுக்கா?" என்று கேட்கிறார்கள். "பைக்குலேர்ந்து வுழுந்துட்டேன்" என்பேன். அந்த பைக்கில் நம் பாப்பா கவியாவும் இருந்தாள் என்று மட்டும் சொல்வதில்லை.

இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன். மெல்லியதில் கறுப்பு உள்ளிருந்து தெரியுமாம். "மறைக்கணும்னா பல்லைக் கொஞ்சம் ராவித்தாம்மா ஆகணும். ராவிட்டா பழையபடி வராது. யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

யோசிக்கிறேன்.

உங்கள்
தேவயானி

பெரம்பலூர்
27.1.2025

அன்புள்ள தேவயானிக்கு,

ராவ வேண்டாம். கொஞ்சம் கறுப்பு தெரிந்தால் தெரியட்டுமே. எனக்கு நீ எப்படி இருந்தாலும் சரி.

விளக்கே இல்லாமல் நடுரோட்டில் டிராக்டரை நிறுத்தியவன் யாரோ ஒருவன். நீயும் பார்த்தாய்தானே? பிறகு ஏன் என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாய்? இந்த வீட்டில் பிள்ளையும் இல்லாமல், நீயும் இல்லாமல் முடியவில்லை தேவி. மாசி பிறந்ததும் வந்து அழைத்துப் போகட்டுமா?

திருமுருகன்

அரியலூர்
10.2.2025

என்னங்க,

ராவித்தான் போட்டுக்கொண்டேன். டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்து, "சிரிங்கம்மா" என்றார். பல் அவ்வளவு அழகாக இருந்தது. அன்றைக்கு நடந்ததற்கு என் உடம்பில் இருந்த ஒரே அடையாளமும் போய்விட்டதே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது ஓய்ந்தபோதுதான் புரிந்தது, நான் அங்கே வராமல் இருந்தது பல்லுக்காக இல்லை.

உங்கள் மேல் தப்பே இல்லை. எந்தச் சாமி முன்னால் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ரோட்டில் எழுந்திருக்க முடியாமல் கிடந்துகொண்டு, "பாப்பாவப் பாரு தேவி, பாப்பாவப் பாரு" என்று கத்தினீர்கள். நான்தான் போய்ப் பார்த்தேன். உங்கள் குரலை எங்கே கேட்டாலும் திரும்பப் பாப்பாவைத்தான் பார்க்கிறேன்.

அழைக்க வராதீர்கள். மாசியிலும் வேண்டாம், பிறகும் வேண்டாம். அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தேவயானி