விறைத்த கால்

டிசம்பர் 9
புதூரில் அப்பாவின் காட்டுக் கிணற்றில் இன்று ஐம்பது சுற்று நீந்தினேன். கார்த்திகை முடியப்போகிறது, கரிசல் தண்ணீர் குளிரவே மாட்டேன் என்கிறது. பிப்ரவரியில் வடக்கே மலை ஏரியில் இரண்டு நாள் தேர்வு. கடலைக் கடக்கும் பெண்கள் அணிக்கு ஆறு பேரை எடுப்பார்கள். தண்ணீர் பதினொரு டிகிரிதான் இருக்குமாம். முப்பத்துநாலு வயதில் எனக்கு வந்த முதல் அழைப்பு.

டிசம்பர் 15
டிரம்மில் மீன்கடை ஐஸைக் கொட்டி, முழங்கால் வரை இறங்கி நின்றேன். நாலாவது நிமிடம் விரல்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. உரக்கடையிலிருந்து வந்த இவர் பார்த்துவிட்டு, "ஏட்டி, மீனு கெட்டுப்போவாம இருக்கத்தான் ஐஸு. ஒனக்கு எதுக்கு?" என்றார். பக்கத்து வீட்டுப் பாலம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். என்னைப் பற்றி இவர் எது சொன்னாலும் சிரிக்க ஓர் ஆள் இருக்கிறது.

ஜனவரி 3
தூத்துக்குடியிலிருந்து பயிற்சியாளர் மேரிராணி மேடம் பேசினார். தேர்வில் காலுறை போட விடமாட்டார்களாம். "எறங்குததுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் கம்பளி உறையக் கழட்டாத. தண்ணிக்குள்ள காலச் சும்மா இழுத்துக்கிட்டு வராத, அடிச்சுக்கிட்டே இரு. கரையேறுனதும் தொடச்சு உறைய மாட்டு. வெறச்ச காலுக்குச் சூடு மட்டும் வச்சிராத, சுட்டாலும் தெரியாது."

பிப்ரவரி 2
இவரும் வருகிறாராம். தனியாக அனுப்பினால் ஊர் பேசுமாம்.

பிப்ரவரி 20
ஐந்தாவது! ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தேன். நாளைக்கும் இப்படியே நீந்தினால் அணியில் இடம். உறையை மாட்டிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறேன். கால் இன்னும் வெறும் கட்டை. கண் சொருகுகிறது.

பிப்ரவரி 21
நீந்தவில்லை.

நேற்று நான் அசந்த நேரத்தில் இவர் உறையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். விடுதிச் சமையல்கட்டில் சட்டி வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து, இரண்டு உள்ளங்காலுக்கும் ஒத்தடம். எங்கள் பக்கம் மூட்டுவலிக்கும் இதுதான், சுளுக்குக்கும் இதுதான். எனக்குச் சுடவே இல்லை. விழித்தபோது கோலிக்குண்டு கணக்காய்க் கொப்புளங்கள்.

"வெள்ளையாக் கெடந்துச்சுட்டி. பயந்துட்டேன்" என்றார். அழுதார். பன்னிரண்டு வருடத்தில் இவர் என் காலைத் தொட்டது இதுதான் முதல் தடவை. எப்படித் திட்டுவேன்? சூடு கூடாது என்று நான் இவரிடம் சொல்லவில்லையே. சொன்னா மட்டும் கேட்டுருவாரா? எந்தப் பேச்சக் கேட்டாரு இதுவரைக்கும்? — சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவ சொல்லித் தொலச்சிருக்கலாம்.

மார்ச் 2
தோல் உரிகிறது. செருப்புப் போட முடியவில்லை.

மார்ச் 16
கடைக்குச் சோறு கொண்டுபோனேன். உள்ளே இவர் யாரிடமோ, "அத ஏன் கேக்கிய அண்ணாச்சி, அவளுக்கு அந்தக் குளிரு தாங்கல. மறுநா எறங்கவே மாட்டேன்னுட்டா."

ஒத்தடத்தைச் சொல்லவில்லை. அழுததையும் சொல்லவில்லை. தூக்குவாளியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். அந்த அழுகைக்காகத்தான் இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என்னைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 4
அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் வந்தது. கூடத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். உடன் வருபவர் பெயர் கேட்டிருந்தார்கள். 'யாருமில்லை' என்று எழுதினேன். இவர் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். நான் கையால் மறைக்கவில்லை.