பின்கதவில் இல்லாத கைப்பிடி

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். கிரீஸ் கையோடு மூடியைத் தொடாதீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிழட்டுக் காரை வாங்கி வந்த மனிதரோடு பேசுவதில்லை என்றுதான் இன்னும் இருக்கிறேன். எழுதுவது பேச்சில் சேராது.

நேற்று நீங்கள் குளிக்கப் போனபோது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். சும்மாதான்.

இடது கதவில் உள்பக்கக் கைப்பிடி இல்லையென்று, "வித்தவன் கழட்டிக்கிட்டு என் தலையில மிளகாய் அரைச்சிட்டான்"னு புலம்புகிறீர்களே, அது திருட்டு இல்லை. திருகு இருந்த ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, கதவின் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். திருடுகிறவன் இவ்வளவு மெனக்கெடுவானா? அந்தப் பக்கத்து முன்சீட்டின் மேல்விளிம்பைத் தடவினால், தோலில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பால்பல் தடங்கள்.

சந்தேகம் தீர நம் வாலுப் பெண்ணைத் தூக்கி வந்து, கைப்பிடி இருக்கிற வலது பக்கம் உட்கார வைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். சட்டையைப் பிடித்திருந்தேனோ, பிழைத்தாள். இடது பக்கம் மாற்றியதும் திறக்க ஒன்றும் இல்லாமல், எழுந்து நின்று சீட்டைக் கடிக்க ஆரம்பித்தாள்.

பழைய சாமான் கடைக்காரர் இன்று கைப்பிடி கொண்டுவந்தால், வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். வலது பக்கத்துக் கைப்பிடியையும் கழற்றிவிடுங்கள்.

அவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

பி.கு.: சீட்டுக்குப் புதுத்தோல் போடப் போவதாகச் சொன்னீர்கள். போட வேண்டாம். ஓரத்தில் புதிதாக இருக்கும் பல்தடம் நம்முடையது.