மல்லிகா பெயர் பதிவேட்டில் ஏறிய நாள்

ஜூன் 12, புதன்

இன்று அவ்வளவு சந்தோஷம். என் மகள் மல்லிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன்.

காது கேட்காத பிள்ளைக்கு இங்கே இடமில்லை, கோயம்புத்தூரில் இருக்கிற காது கேளாதோர் பள்ளிக்குக் கொண்டுபோங்க என்று தலைமை ஆசிரியர் மூன்று முறை எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. இன்று வேலை இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் எல்லோரும் என்னோடு வந்து, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பது போல அவர் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"கவர்மென்ட் பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைக்கும்தானுங்க. முடியாதுன்னா எழுதிக் கொடுங்க" என்றேன்.

அதை எழுத அவருக்குத் தைரியம் வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார்.

வகுப்பில் டீச்சர் "மல்லிகா" என்று கூப்பிட்டார். அவளுக்குக் கேட்காதே என்ற பதற்றத்தில், வெளியே நின்ற நான் பெரட்டில் சொல்வது போலவே "இருக்கேனுங்க" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"அவளே சொல்லட்டும்மா" என்ற டீச்சர் மறுபடி கூப்பிட்டார். பக்கத்துப் பிள்ளை தோளைத் தொட்டது. மல்லிகா எழுந்து கையைத் தூக்கினாள்.

நாளைக்குப் பெரட்டில் என் பெயரைக் கூப்பிடுவார்களோ என்னவோ. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைக் கூப்பிடுவார்கள்.