கேலரி ஏன் கோணல்?

கேப்டன் அக்கா,

இன்று காலை நம் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது ஈரச் சுண்ணாம்பு வாசனைதான். கேலரிக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள், அதற்கு விழா. பழைய ஆட்டக்காரி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆனது தெரியாமல், வாசல் மேஜையில் உன் பெயருக்கும் ஓர் அழைப்பிதழ்.

ஒரு மாணவன் மைதானத்தின் வரலாற்றை மைக்கில் வாசித்தான். கிழக்குக் கேலரி கோணலாக இருப்பது கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கட்டியதாலாம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பு கூசியது.

நாம் ஆடியபோது அங்கே கேலரி ஏது? வெறும் கட்டாந்தரை. ஓரமாக, நெசவாளர்கள் காலையில் தறிக்கான பட்டு நூலை, அதாவது பாவு நூலை, நீளமாக இழுத்துக் கட்டக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். நான் தறிக்காரர் வீட்டுப் பெண்ணாயிற்றே, பாவுக் கம்பம் கோணலாக நிற்காது என்று நம்பி, அதை ஒட்டியே கயிறு பிடித்துச் சுண்ணாம்பால் எல்லைக்கோடு போட்டேன். கம்பங்கள் ரோட்டுக்கு நேராக இருந்தன, மைதானத்துக்கு அல்ல.

கோச் பார்த்துவிட்டுக் குதித்தார். "எவ போட்ட கோடு இது? போட்டவ இன்னிக்கு ஆட வேணாம்."

எனக்கு அது முதல் ஆட்டம். பார்த்த பிறகுதான் மேற்கொண்டு ஆடலாமா என்று சொல்வேன் என்று அப்பா வந்து நின்றிருந்தார்.

"நான்தான் சார் போட்டேன்" என்று நீ முன்னால் போனாய். என் காதில் மட்டும், "நீ போய் ஆடும்மா, உங்கப்பா பாத்துக்கினு இருக்காரு" என்றாய். மாகறலிலிருந்து மூன்று வருஷம் பஸ் பிடித்து வந்து ஆடிய உனக்கு அதுதான் கடைசி ஆட்டம். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாய்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா கேட்டார். "வெளியே குந்திக்கினு ஒரு பொண்ணு கத்திச்சே, அது ஏம்மா ஆடல?"

"தெரியலப்பா" என்றேன்.

அவர் என்னைத் தொடர்ந்து ஆட விட்டார். அடுத்தடுத்த வருஷங்களிலும் அந்தத் தடத்தின் மேலேயே சுண்ணாம்பு விழுந்தது. கேலரி கட்ட வந்த மேஸ்திரியும் அதையே பிடித்துக் கட்டிவிட்டார். நீ ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்று எழுந்து போய் மைக்கை வாங்கினேன். "கோபுரமும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. கோணலா கோடு போட்டவ நான். எனக்காக வெளியே குந்தினது எங்க கேப்டன் அக்கா."

பையன் பேனாவை எடுத்தான். "அவங்க பேரு மேடம்?"

எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அப்பா கேட்டதற்குப் பதில் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கேட்டவரும் இல்லை, நீயும் இல்லை. உன் அழைப்பிதழை நானே எடுத்து வந்துவிட்டேன், அக்கா.