அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நானல்ல

அனுப்புநர்
தையற்கடைக்காரி,
மருந்துக்கடைக்கு மேல் மாடி,
பேருந்துப் பணிமனைச் சாலை.

பெறுநர்
திருமணப் பதிவாளர் அவர்கள்,
பதிவு அலுவலகம், முதல் தளம்.

பொருள்: என் வீட்டுக்காரியின் திருமண விண்ணப்பம் வேறொருவர் பெயருடன் சேர்த்து மறுக்கப்பட்டது – உத்தரவைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சுருக்கமாக எழுதினால்தான் அதிகாரிகள் படிப்பார்கள் என்று எங்கள் வக்கீலம்மா அடிக்கடி சொல்வார். இந்த மனுவை அவருக்குத் தெரியாமல் எழுதுவதால் கொஞ்சம் நீட்டிவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. நான் பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறேன். கீழே மருந்துக்கடையில் வேலை பார்ப்பவரும் நானும் பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறோம். அவரை அலுவலக மொழியில் எப்படிக் குறிப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் படிவத்திலும் அதற்கு இடமில்லை. வாய்க்குப் பழகியபடி வீட்டுக்காரி என்றே எழுதுகிறேன். இனி அவள் என்றும் எழுதுவேன். அவர் என்று எழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது.

2. எங்களைப் போன்றவர்களின் கல்யாணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்கும் சங்கம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் என் வீட்டுக்காரியும் ஒருத்தி. சங்கக் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். பேனர் தைப்பது நான், டீ போடுவது நான், எல்லோரும் போன பிறகு கூட்டிப் பெருக்குவதும் நான். அவள் பேசுவாள், எல்லோரும் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார்கள். முன்பெல்லாம் அந்தப் பேச்சு எனக்கு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. இது புகார் அல்ல, தகவலுக்காக எழுதுகிறேன்.

3. புதன்கிழமைதோறும் சங்கத்திலிருந்து ஒரு ஜோடி உங்கள் அலுவலகத்துக்கு வந்து, டோக்கன் வாங்கி, விண்ணப்பம் கொடுப்பது வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உங்கள் மூத்த எழுத்தர் தலையைத் தூக்காமலே, "இதுக்கெல்லாம் வழியில்லம்மா, அடுத்த ஆள்" என்பார். எழுத்தில் எதுவும் தர மாட்டார். எழுத்தில் மறுத்தால்தான் நீதிமன்றம் போக முடியும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருமுறை ஒரு ஜோடி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் எண்ணைக் கூப்பிட்டு, மனுதாரர் வரவில்லை என்று டோக்கனைக் கிழித்துவிட்டார். அன்றிலிருந்து சங்கத்தில் ஒரு விதி: எண்ணைக் கூப்பிடும்போது நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர் உட்கார்ந்து இடம் பிடிக்க வேண்டும். இந்த விதிக்குக் கை தூக்கியவர்களில் நானும் உண்டு.

4. சென்ற புதன்கிழமை எங்கள் முறை. அதற்காக ஒரே தான் துணியில் வெட்டி இரண்டு சட்டைகள் தைத்தேன். நீலத்தில் வெள்ளைப் பொடிக் கட்டம். எத்தனையோ கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், ஐயா. எங்களுக்கென்று தைத்தது அதுதான் முதல் முறை. பொத்தான் காஜாவைக்கூட மெஷினில் விடாமல் கையால் எடுத்தேன்.

5. அன்று மூத்த எழுத்தர் விடுப்பு. வேலைக்குப் புதிதாக வந்த பெண் இருந்தார். டோக்கன் கொடுக்கும்போதே அடையாள அட்டைக்கு இன்னொரு நகல் வேண்டும் என்றார். வீட்டுக்காரியின் நகல் கைவசம் இருந்தது. என்னுடையதை எடுக்க எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடைக்கு நான் ஓடினேன். அந்தக் கடையில் எதைத் தொட்டாலும் மை ஒட்டும் என்பதால் புதுச் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போட்டிருந்த பழைய சட்டையோடு போனேன். இயந்திரம் என் தாளை விழுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. கடைக்காரர் அதன் வயிற்றைத் திறந்து பார்த்தபடி, "அவசரப்படாதீங்கக்கா, வந்துரும்" என்றார்.

6. அதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் எங்கள் சங்கத்துப் பெண், பஸ் கண்டக்டர். சங்கத்தில் அவரை விசில் என்று கூப்பிடுவோம். பணி முடிந்து நேராக வந்ததால் உடுப்போடு இருந்தார். உடுப்போடு கண்ணில் பட்டால் பணிமனையில் விளக்கம் கேட்பார்கள் என்று என் சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டு, விதிப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உடுப்புக்கு மேல் போட்டதால் சட்டை அவருக்குக் கச்சிதமாக இருந்தது. எனக்கென்று அளவெடுத்துத் தைத்தது இன்னொருத்திக்குக் கச்சிதமாக இருந்ததை எந்தத் தையற்காரியும் தாங்க மாட்டாள்.

7. புதிய எழுத்தர் இருவரின் அட்டைகளையும் கேட்டிருக்கிறார். விசில் தன் அட்டையை நீட்டியிருக்கிறார். இடம் பிடிப்பதற்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாராம். அந்தப் பெண் அட்டைகளில் இருந்த பெயர்களை எழுதி, சட்டப் புத்தகத்தைப் புரட்டி, முத்திரை வைத்து, மறுப்பை எழுத்தில் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரிக்கும் பஸ் கண்டக்டருக்கும் திருமணம் பதிவு செய்ய இயலாது என்று அரசாங்கத் தாளில் இருக்கிறது. அந்த எழுத்தர் மீது நடவடிக்கை வேண்டாம். இத்தனை நாளில் எங்களை உட்காருங்கள் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

8. எழுத்தில் மறுப்பு கிடைத்த சந்தோஷத்தில் சங்கத்தார் உங்கள் அலுவலகப் படிக்கட்டிலேயே ஆடிப் பாடினார்கள். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். விசில் தாளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். என் வீட்டுக்காரி அவர் தோளில் சாய்ந்து, பல் தெரியச் சிரிக்கிறாள். 'திருமணம் கேட்கும் ஜோடி' என்று கீழே போட்டிருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் நகல்களைப் பிடித்தபடி ஒரு கை தெரியும். அது நான்.

9. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவள் அம்மா தொலைபேசியில் அழைத்தார். அவள் என்னோடு வந்த நாளிலிருந்து மகளோடு பேசாதவர். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "பக்கத்துல நிக்கிற பொண்ணு லட்சணமா இருக்கா. ரெண்டு பேரும் ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்றார். என் வீட்டுக்காரி அழுதுகொண்டே சரிம்மா, சரிம்மா என்றாள். படத்தில் இருப்பது தன் ஜோடி இல்லை, வேறு ஆள் என்று அவள் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அம்மா பேசினதே பெருசு, பயந்துட்டேன்டி, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். அப்புறம் இன்னும் வரவில்லை. மாமியார் என்று ஒருவர் எனக்குக் கிடைத்த அன்றே கை மாறிப் போய்விட்டார்.

10. வக்கீலம்மாவிடம் முறையிட்டேன். "யார் பேர் இருந்தா என்னம்மா, ஆர்டர் கிடைச்சிருச்சுல்ல. இயக்கத்துக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்றார். இந்த உத்தரவை வைத்து அவர்கள் இருவர் பெயரிலும் வழக்குப் போடப் போகிறார். ஜெயித்தால் நாளைக்கு ஊரே கொண்டாடும். ஆனால் நீதிமன்றம் யாருக்கும் யாருக்கும் கல்யாணம் செய்து வைக்கச் சொல்லும் என்பதைத் தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டும். கூடத்தை விட்டுக்கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்தேன், அவள் பேச்சை விட்டுக்கொடுத்தேன். இதை மட்டும் என்னால் முடியாது.

11. விசில் மீது எனக்குச் சந்தேகம் துளியும் இல்லை. நல்ல பெண். சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, "மன்னிச்சிரு அக்கா" என்றும் சொன்னார். எனக்கு இருப்பது வெறும் பொறாமை. வயிறு எரிகிறது, ஐயா. கல்யாணமான ஒருத்திக்கு இந்த நிலை வந்தால் சான்றிதழை எடுத்து எல்லார் முகத்துக்கு நேராகவும் காட்டலாம். எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. அதனால்தான் அதைக் கேட்டுத் தங்களிடம் வருகிறோம்.

ஆகவே, மேற்படி உத்தரவை ரத்து செய்து, என்னையும் என் வீட்டுக்காரியையும் நேரில் அழைத்து, எங்கள் விண்ணப்பத்தை ஏற்றுப் பதிவு செய்ய வேண்டுகிறேன். பதிவின்போது சாட்சிக் கையெழுத்துப் போட விசில் வருவார். அவர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

சட்டம் உங்கள் கையைக் கட்டியிருக்கிறது என்றால், அதையும் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் மறுத்துவிடுங்கள். ஆனால் என் பெயரை எழுதி மறுங்கள். அவளுக்கு இல்லை என்று சொல்வதானால் என்னோடு சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் நீதிமன்றம் போய்க்கொள்கிறோம். போகிற வழியில் அவள் அம்மாவிடமும் காட்டிவிட்டுப் போவேன்.

வரும் புதன்கிழமை அலுவலகம் திறக்கும்போதே வந்துவிடுவேன். என் எண்ணைக் கூப்பிடும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

நாள்: திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்
இடம்: தையல் மெஷின் மேசை

இங்ஙனம்,
தையற்கடைக்காரி
(கையொப்பம்)

இணைப்பு:
பத்திரிகைப் படம். ஓரத்தில் உள்ள கை சிவப்பு மையால் வட்டமிடப்பட்டுள்ளது.
என் அடையாள அட்டையின் நகல். இந்த முறை முன்னாலேயே எடுத்துவிட்டேன்.