பாலாபிஷேகம் செய்த எலும்புகள்

தகரப்பெட்டியைத் திறந்ததும் புளித்த பால் நாற்றம். எலும்புகளுக்கு அபிஷேகம் செய்திருக்கிறார்கள்! பால், சந்தனம், மேலே திருநீறு வேறு. நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில் கோயில் திருப்பணிக்குத் தோண்டியபோது ஒரு கல்பெட்டிக்குள் கிடைத்தவை. அது பள்ளிப்படை, மன்னரைப் புதைத்த இடம் என்று ஊரே நம்புகிறது. பக்தியில் கழுவிவிட்டதால் மரபணுச் சோதனைக்கு வழியில்லை என்று ஆய்வகம் கைவிரித்துவிட்டது. இனி நான் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் முடிவு.

நீ இருந்தவரை எந்த எலும்பையும் நாம் இருவரும் தனித்தனியாக அல்லவா பார்ப்போம்? முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேசாமல் எழுதி, பிறகு ஒப்பிடுவோம். கீழ்வேளூரில் கிடைத்த தாடையை நான் ஆண் என்றேன், நீ பெண் என்றாய். தஞ்சாவூர் வரும்வரை பேருந்தில் சண்டை. முன்சீட்டுக்காரர் மிரண்டு மிரண்டு திரும்பிப் பார்த்தார். நீ சொன்னதுதான் சரியாக இருந்தது. அன்று எரிச்சலாக வந்தது; இப்போது அந்தச் சண்டைக்கு ஏங்குகிறேன்.

"ராஜாவுக்குன்னு தனி எலும்பு கிடையாதுடி. இருக்கிறதை மட்டும் சொல்லு" என்பாய்.

இருப்பது இதுதான். இடுப்பெலும்பு ஆணுடையது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கழுத்தெலும்புகள் தேய்ந்திருக்கின்றன, காலமெல்லாம் தலைச்சுமை தூக்கியவருக்கு அப்படித் தேயும். வேறு காரணமும் இருக்கலாம்.

இன்று காலை கோயில் மண்டபத்தில் ஊர் கூடியிருந்தது. அறங்காவலர் என்னை ஓரமாக அழைத்தார். "மேடம், ராஜாதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கும்பாபிஷேகப் பத்திரிகையே அடிச்சாச்சு."

நான் மைக்கைப் பிடித்து, எலும்பில் கண்டதைச் சொன்னேன். மன்னர் என்று காட்ட எதுவுமில்லை என்றேன். கூட்டம் முணுமுணுத்தது. நான் தப்பாகப் பார்த்திருந்தால்? ஒரு மன்னரையே சுமைதூக்கி ஆக்கிவிட்டேனா? "மறுபடி பாருடி" என்று சொல்ல நீ இல்லையே.

அப்போது நாற்று நடவிலிருந்து நேராக வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "ராஜா இல்லேன்னா இவரைத் தூக்கி ஆத்துல போட்டுடுவாங்களா மேடம்?"

"போட விடமாட்டேங்க" என்றேன்.

எலும்புகள் இருந்த தகரப்பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மதியத்திலிருந்து அறங்காவலர் போன் செய்துகொண்டே இருக்கிறார். சாவியை மட்டும் கொடுப்பதாக இல்லை.