பிரிக்காத மடிப்பு

தீதி, என் வங்காளத்து அக்கா,

வீடு மாறும்போது நம் படத்தின் கண்ணாடி வெடித்துவிட்டது. சட்டத்தின் பின்பலகையைக் கழற்றியதும் குப்பென்று கடுகெண்ணெய் வாசம். நம் பழைய எல்லிங்ஸ்ருட் குடியிருப்பில், சமைத்த கையோடு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து ஊசி பிடிப்பீர்களே, அந்தக் கையின் வாசம்.

அந்தப் படத்துக்காக உங்கள் பழைய சேலைகள் மூன்றை அடுக்கி, உங்கள் ஊர் வழக்கப்படி காந்தாப் போர்வை தைத்தீர்கள். கோடு போட்டுக் கொடுத்த ஓவியர் நான். என் கோட்டை நீங்கள் மதித்ததே இல்லை. நான் தண்டவாளம் வரைந்த இடத்தில் மீன் ஓடியது. "உன் ரயில் காலியாகப் போகிறது, யாராவது ஏறட்டுமே" என்று உடைந்த நோர்வேஜிய மொழியில் சிரித்தீர்கள். கோபம்தான் வந்தது. ஆனால் மீன்தான் அழகு.

முடித்துத் தந்தபோது கீழ் ஓரத்தைப் பின்பக்கம் மடித்து நூலோட்டியிருந்தீர்கள். "கண்காட்சியில் மாட்டும்போது பிரி. அதுவரை பார்க்காதே."

நான் பிரிக்கவில்லை தீதி. மறந்துபோனேன் என்று இத்தனை நாள் எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். உள்ளே இன்னொரு மீனோ பூவோ இருக்கும், பார்க்க வருகிறவர்கள் இதைக் கைவினை என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்தேன். மடிப்போடேயே சட்டம் போடச் சொன்னேன்.

கண்காட்சித் திறப்பு நாளன்று புதுச் சேலையில் வந்தீர்கள். நேரே படத்தடிக்குப் போய்க் குனிந்து கீழ் ஓரத்தைத் தேடினீர்கள். நான் கண்டேன். கண்டும் யாரோடோ கதைக்கத் திரும்பிக்கொண்டேன். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பிறகு குறொன்லாண்ட் மீன் கடையில் எத்தனை தரம் சந்தித்தோம். ஒவ்வொரு தரமும் சொல்ல நினைத்து, மீன் விலையைக் கதைத்தேன். தை மாதம் உங்கள் இதயம் நின்றுபோனது.

நேற்று என் கணவர்தான் அந்த நூலை வெட்டினார்.

"இஞ்சேருமப்பா, இதிலை உம்மடை பேரெல்லோ கிடக்கு!"

சிவப்பு நூலில், தமிழில், என் பெயர். என் ஓவியங்களின் மூலையில் நான் போடும் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறீர்கள். தெரியாத எழுத்து, சுழிகள் எல்லாம் தடுமாறுகின்றன. அதற்குக் கீழே வங்க எழுத்தில், சின்னதாக, உங்கள் பெயர்.

சட்டத்தை எறிந்துவிட்டேன். காந்தா இப்போது என் கட்டிலில் கிடக்கிறது. அந்த ஓரத்தை இரண்டு தரம் இஸ்திரி போட்டுப் பார்த்தேன் தீதி. மடிப்பு போகவில்லை.